பந்தியில் உட்காரத் தெரியாத கால்

நடுவர் அவர்களே, இவ்வளவு நேரம் வாள் வீசிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, வீட்டிலே முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

"ஒரு பொருள் சிறப்பாக அமையக் காரணம், செய்பவரின் அறிவா, பயன்படுத்துபவரின் அனுபவமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அறிவே என்று முழங்கினார். படித்தவன் செய்து கொடுத்தால் பாமரன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றார்.

ஐயா, எங்க பெரியப்பா கதையைச் சொல்றேன். சர்க்கரை நோயால் அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. செயற்கைக் கால் பொருத்தினார்கள். வேலைப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்துப் போனால், கால் பரண்மேலே இருக்கு. பெரியப்பா கட்டையை ஊன்றிக்கிட்டு நிக்கிறார். "ஏன் பெரியப்பா?"ன்னு கேட்டேன். "அந்தக் காலுக்கு நாற்காலியில உட்காரத்தான் தெரியுதுடா. பந்தியில உட்காரத் தெரியலை" என்றார்.

(சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. அவர் சிரிக்கலை. அக்கா கல்யாணத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தலுக்கு வெளியே நின்றார்.

இதே குறையைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு மருத்துவர் இருந்தார். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் டாக்டர் பி.கே. சேத்தி. எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். வாங்கியவர். 1960களில் கிடைத்த செயற்கைப் பாதம் மேல்நாட்டுக்காரனுக்காகச் செய்தது. ஷூ போட்டுத்தான் நடக்கணும். வயல் சேற்றில் ஷூவோடு இறங்க முடியுமா? கோயிலுக்குள் போக முடியுமா? குந்த முடியாது, சம்மணம் கொட்ட முடியாது. வாங்கிப்போனவர்கள் கழற்றிப் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். 'நோயாளிக்குப் பழகத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு சேத்தி அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருக்கலாம். போகவில்லை ஐயா!

அங்கேயே ராம் சந்திர சர்மா என்றொரு கைவினைஞர். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எதிரணித் தலைவர் கணக்கில் அவர் பாமரன்! லாரி டயருக்கு ரப்பர் ஒட்டிப் பதப்படுத்துவதைப் பார்த்தவர், அதே முறையில் பாதம் செய்தால் என்ன என்று கேட்டார். முதலில் ரப்பரை அப்படியே வார்த்தார்கள். கனம் தாங்கவில்லை. உள்ளே ஸ்பாஞ்ச் ரப்பரும் மரமும் வைத்தார்கள். போட்டு நடக்கவிட்டார்கள். எங்கே கிழிகிறது, எங்கே வலிக்கிறது என்று பார்த்தார்கள். மறுபடியும் அச்சு, மறுபடியும் நடை. 1968 வாக்கில் வந்தது ஜெய்ப்பூர்க் கால். தோல் நிறத்திலே ரப்பர் உறை, ஷூவே வேண்டாம்.

அதோடு விட்டார்களா? பாதத்துக்கு மேலே பொருத்தும் குழலை முதலில் அலுமினியத் தகட்டில் அடித்துச் செய்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாய்க்கு ஆகிற பிளாஸ்டிக்கையே கொண்டுவந்தார்கள். 1981-இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், 1984-இல் இந்தக் காலோடு மேடையேறிப் பரதம் ஆடினார்!

(கைதட்டல்)

சேத்தியின் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கழற்றிப் போட்டவன் வாயைத் திறக்காவிட்டால், அந்தப் படிப்புக்கு வேலையே வந்திருக்காது என்கிறேன். நடுவர் மணியில் கை வைக்கிறார்... இதோ, ஒரே ஒரு வார்த்தை.

தம்பி கல்யாணத்துக்குள் பெரியப்பாவுக்கு ஜெய்ப்பூர்க் கால் வந்துவிட்டது. முதல் பந்தியிலேயே சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். பரிமாற வந்த என்னைப் பார்த்து, "என்னடா முழிக்கிறே? சாம்பாரை ஊத்து" என்றார்.