விமானம் ராத்திரி தங்காத ஊர்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"வளைகுடாவில் வேலை வாய்ப்புன்னு ஏதாவது பேசுப்பா" என்றுதான் செயலாளர் என்னிடம் சொன்னார். வாய்ப்பைப் பற்றிப் பேச இங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். வேலை ஆணையைக் கையில் வாங்கின பிறகு வருகிற ஒரு விஷயத்தைப் பற்றி நான் பேசுகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது. அது பெருமைப்படும்படியான பங்கு அல்ல.

நான் மெக்கானிக்கல், 2011 பேட்ச். வளைகுடாவில் ஒரு விமானக் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். விமானம் ஓர் ஊரில் இறங்கினால், திரும்பக் கிளம்புவதற்குள் டயர், பிரேக், ஆயில், பைலட் எழுதி வைத்த கோளாறு எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் நகராது. அதனால் வெளியூர் நிலையங்களிலும் எங்கள் ஆட்கள் இருப்பார்கள். வடக்கு ஈராக்கில் எர்பில் என்ற ஊரில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் தமிழ்ப் பையன்கள்.

2025 ஜூன் 13-ஆம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. அன்றே ஈராக் தன் வான்வெளியை மூடிவிட்டது. நம் பையன்கள் மூவரும் காரில் துருக்கி எல்லை தாண்டி, அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். ஜூன் 24-இல் சண்டை நிறுத்தம். வான்வெளி திறந்தது. சில நாட்களில் கம்பெனியின் கடிதமும் வந்துவிட்டது. இந்தத் தேதிக்குள் பணிக்குத் திரும்ப வேண்டும், தவறினால் அனுமதியில்லாமல் வராததாகக் கருதப்படும் என்று இரண்டே வரி. மூன்று பேருக்கும் போன் பண்ணிச் சம்மதம் வாங்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் ஆள் சரி என்றான். இரண்டாவது ஆளுக்கு வீட்டுக் கடன். அவனும் சரி என்றான். மூன்றாவது பையன் நெல்லைப் பக்கம். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அவன் கோபப்படவில்லை, அழவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணே, ப்ளேன் ராத்திரி அங்க நிக்குமா?"

"இல்ல தம்பி. வந்த உடனே திரும்பிடும்."

"அப்ப நான் மட்டும் எதுக்கு அங்க நிக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆபத்து இல்லைன்னு மேலிடத்துல ஆய்வு பண்ணிட்டாங்கப்பா" என்றேன். "அந்த ஆய்வை நீங்க பாத்தீங்களா அண்ணே?" என்றான். நான் பார்க்கவில்லை. யாரும் எனக்குக் காட்டவும் இல்லை.

அவன் போகவில்லை. அவன் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். விசா ரத்தானது. வேலை போனது.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. யார் யாருக்கெல்லாம் 'நான் வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமை இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். விமானத்துக்குப் போர் ஆபத்துக் காப்பீடு தருகிறவன், வழக்கமான ஒப்பந்தப்படி, ஏழே நாள் நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம். விமானத்தை வாடகைக்கு விட்டவன், அந்த ஊருக்கே கொண்டுபோகாதே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். விமானத்தின் தலைமைப் பைலட், நிலைமை சரியில்லை என்றால் திருப்பிக்கொண்டு வரலாம். கப்பலில் இருக்கும் நம் மரைன் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். சர்வதேசத் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல் என்றால், போர்ப் பகுதி என்று அறிவித்த கடலுக்குள் போக மாட்டேன் என்று மாலுமி சொல்லலாம். கம்பெனி தன் செலவில் அவரை ஊருக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பையனுக்கு மட்டும் அப்படி ஒரு வரி கிடையாது.

எழுத்தில் இல்லாமல் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆவது உடன்படிக்கை 1981-இல் வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து நீடிக்கிற இடத்துக்கு, அதைச் சரிசெய்யும் வரை, தொழிலாளியைத் திரும்பி வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதன் 19-ஆவது பிரிவு சொல்கிறது. 2022-இல் அதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஆபத்து நீடிக்கிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? அங்கேதான் சிக்கல்.

'வான்வெளியைத் திறந்துவிட்டார்களே' என்பது ஒரு பதிலே அல்ல. 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானிலும் வான்வெளி திறந்துதான் இருந்தது. கிளம்பிய சில நிமிடங்களில் உக்ரைன் விமானம் ஒன்றை ஈரானின் ஏவுகணைகள் வீழ்த்தின. 176 பேர் இறந்தார்கள். அதில் 9 பேர் ஊழியர்கள்.

நம் ஊருக்கு வர வேண்டிய ஒரு விமானத்தின் கதையும் உண்டு. லண்டனிலிருந்து குவைத், மதராஸ் வழியாகக் கோலாலம்பூர் போக வேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149. 1990 ஆகஸ்ட் 2 விடியற்காலையில், ஈராக் படை எல்லை தாண்டிய பிறகு, குவைத்தில் இறங்கியது. மதராஸ் வந்து சேரவே இல்லை. பயணிகளும் 18 ஊழியர்களும் சிக்கிக்கொண்டார்கள். பலர் மாதக்கணக்கில் பிணைக்கைதிகள். படையெடுப்பு பற்றி பிரிட்டிஷ் தூதர் தன் அரசுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தார் என்றும், அது விமானக் கம்பெனிக்குப் போகவில்லை என்றும் அந்த அரசு 2021-இல்தான் ஒப்புக்கொண்டது. 31 வருஷம் கழித்து!

உடனே, 'அப்படியானால் யாருமே போக வேண்டாமா?' என்று கேட்பீர்கள். அதே 1990-இல் அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா கொண்டுவந்தது. யாரோ போனதால்தானே அவர்கள் வந்தார்கள்? போக வேண்டியதுதான். எர்பிலிலிருந்து சிகிச்சைக்கு வருகிற நோயாளிகளை நானே விமானத்தில் பார்த்திருக்கிறேன். விவரத்தைச் சொல்லி, வருகிறாயா என்று கேட்டால் போகிற ஆள் இருப்பார்கள். வராவிட்டால் வேலை போகும் என்று சொல்லிவிட்டு, பிறகு 'எல்லோரும் விருப்பப்பட்டே போனார்கள்' என்று கோப்பில் எழுதுகிறோம் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 3 அன்று எர்பில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ட்ரோனைச் சுட்டு வீழ்த்தினார்கள். போயிருந்த இரண்டு பேரும் ஹோட்டலில் இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஜூலை நடுவில் அந்தப் பகுதியின் எண்ணெய் வயல்களில் வரிசையாக ட்ரோன்கள் விழுந்தன. அப்போதுதான் மேலே ஒரு குறிப்பு எழுதினேன். இன்ஜினியர் விமானத்தோடே போய், வேலையை முடித்து, அதே விமானத்தில் திரும்பட்டும் என்று. இது புது யோசனை இல்லை. வேலையாள் இல்லாத நிலையங்களுக்கு எப்போதும் அப்படித்தான் செய்கிறோம். உயிர், குடும்பம் என்றெல்லாம் எழுதியிருந்தால் கிடப்பில் போட்டிருப்பார்கள். மாதத்துக்கு ஹோட்டல் வாடகை இவ்வளவு மிச்சம் என்று ஒரு பக்கக் கணக்கு போட்டேன். ஒன்பது நாளில் அனுமதி வந்துவிட்டது. ஜூன் மாதமே அந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, வேலை ஆணை கைக்கு வந்தால் சம்பளத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காப்பீட்டில் போர் என்ற சொல்லுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். நாளைக்கு மேலாளர் ஆகி, இன்னொருவனுக்கு இந்த மாதிரி போன் பண்ண வேண்டி வந்தால், அந்த ஆய்வை முதலில் நீங்கள் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

போன மாதம் ஊர் வந்தபோது நெல்லைக்குப் போயிருந்தேன். அந்தப் பையன் இப்போது ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான், பாதிச் சம்பளம். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, அவனே டீ போட்டுக் கொண்டுவந்தான். பழசை எடுக்கவே இல்லை. கிளம்பும்போது மட்டும், "அண்ணே, அந்த ஹோட்டல் ரூம்ல இப்ப யாரு இருக்கா?" என்றான்.

"யாரும் இல்ல தம்பி. ஆளு அதே ப்ளேன்ல திரும்பிடறாங்க."

"அதத்தானண்ணே நான் கேட்டேன்" என்றான்.