யாருக்குக் கணக்கு? நேசம் சரவணமுத்துவும் சமூகநல ஆட்சியும்



பி. சரா மைதானம் எங்கே என்று கேட்டால் கொழும்பில் சிறுபிள்ளைகூடப் பொறளைப் பக்கம் கைகாட்டும். அந்தப் பெயருக்குரிய பாக்கியசோதி சரவணமுத்து சிவில் சேவை அதிகாரி. இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். அவருடைய சகோதரர் இரத்தினசோதி மருத்துவர். 1937இல் கொழும்பு மாநகரத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானவர். இந்த இருவரையும் அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு இரத்தினசோதியின் மனைவி நேசத்தைத் தெரியும்? 1932 முதல் 1941 ஜனவரியில் இறக்கும்வரை கொழும்பு வடக்குத் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபையில் இருந்தவர் அவர். அட்லின் மொலமூரேக்கு அடுத்து அந்தச் சபைக்குள் நுழைந்த இரண்டாவது பெண். இன்றைய உரையை அவருக்குச் சூட்டும் பாமாலையாக்க எனக்கு விருப்பமில்லை. சமூகநலம் என்ற துறையை ஒரு பெண் தலைவரிடம் ஒப்படைக்கும்போது நாம் அவரிடம் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்கத் தவறுகிறோம் என்பதே என் கேள்வி. இரக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். கொஞ்சம் படித்தவர்களாயின் திறமை இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். அவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் என்று பார்ப்பதில்லை. மற்ற இரண்டையும்விட இதுவே சமூகநலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

முதலில் 1932இன் சூழல். அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று கடுமையாக எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதன்மையானவர். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் எழுப்பியவரும் அவரே. 1930 நவம்பரில் அவர் காலமானார். ஒன்றரை ஆண்டு கழித்து, அந்தக் கோயில் நிற்கும் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் அடங்கிய தொகுதி ஒரு தமிழ்ப் பெண்ணைச் சபைக்கு அனுப்பிவைத்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பினால் வடக்கின் நான்கு ஆசனங்களும் அப்போது வெறுமையாகக் கிடந்தன. அவை 1934 வரை நிரப்பப்படவில்லை. வடக்கு ஒதுங்கி நின்ற வேளையில், துறைமுகத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் மீனவரும் நெருங்கி வாழ்ந்த, எந்த ஓர் இனத்துக்கும் தனிச்சொந்தம் என்று சொல்ல முடியாத ஒரு நகரத் தொகுதி தமிழ்ப் பெண்ணைத் தேர்ந்தது. இதை நமது அரசியல் வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

அந்தத் தேர்தல்களின் வாக்குச்சாவடியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். அந்த நிறத்தில் தனித்தனிப் பெட்டி. வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. சிவப்பா மஞ்சளா பச்சையா என்று தெரிந்தால் போதும், சீட்டை உரிய பெட்டியில் போடலாம். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்ணும் வழக்கறிஞரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே எடையுள்ள சீட்டைப் போட்டார்கள். பெண்களுக்கு முப்பது வயதில்தான் வாக்கு என்று ஆணைக்குழு பரிந்துரைத்திருந்தது; நடைமுறைக்கு வந்தபோது இருபாலாருக்கும் இருபத்தொன்று என்றாயிற்று. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் ஆணைக்குழுமுன் சென்ற அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத்தில் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவினார். அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் கேட்கிறோம் என்பது அவர் விடையின் சாரம். இந்த விடையைச் சற்று நேரம் நினைவில் வைத்திருங்கள். பின்னர் அது தேவைப்படும்.

நேசம் சரவணமுத்து கணவன் விட்ட நாற்காலியில் அமர்ந்தவர்தானே என்று ஒரு தடை எழும். உண்மைதான். 1931இல் வென்ற இரத்தினசோதி தேர்தல் மனு வழக்கில் பதவியை இழந்தார். அதனால் வந்த இடைத்தேர்தலில் மனைவி நின்றார். அட்லின் மொலமூரே தந்தையின் மறைவால் வெறுமையான ருவான்வெல்லைத் தொகுதி வழியாகத்தான் சபைக்குப் போனார். தந்தை, கணவன், பின்னாளில் சிறிமாவோ பண்டாரநாயக்காவரை நீளும் இந்த வாசல் நமக்குப் புதிதன்று. ஆனால் வாசல் எது என்பதும் உள்ளே போனவர் எவ்வளவு காலம் நின்றார் என்பதும் வேறு வேறு கேள்விகள். 1936 பொதுத்தேர்தலில் கொழும்பு வடக்கு அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தது. முதல்முறை அனுதாபம் என்று சொல்லலாம். நான்கு ஆண்டுகள் நேரில் பார்த்தபின் போட்ட வாக்குக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அதைவிடக் கனமான தடை, அவர் அமைச்சராகவே இருந்ததில்லையே என்பது. டொனமூர் அரசியலமைப்பில் சபை முழுவதும் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. குழுத் தலைவரே அமைச்சர். நிதியோ நிதிச் செயலாளர் என்ற பிரித்தானிய அதிகாரியின் கையில். சுகாதாரம், கல்வி, தொழில் எல்லாம் நம்மவர் தலையில். திறைசேரிச் சாவி வெள்ளைக்காரன் இடுப்பில். சமூகநலத்துக்கு இதைவிட மோசமான ஏற்பாட்டை யோசிப்பது கடினம். அப்படியிருந்தும் அந்தச் சபையின் பத்தாண்டுக் கணக்கைப் பாருங்கள். 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். 1939ஆம் ஆண்டில் மட்டும் மகப்பேற்று நன்மைகள், சிறுவர் இளைஞர் பாதுகாப்பு, வறியோர் நிவாரணம், கல்வி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள். வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளின் தலையில் நிவாரணக் கடமையைச் சுமத்தியது. இவற்றையெல்லாம் ஒரு பெண் உறுப்பினரின் சாதனை என்று எழுதினால் அது வரலாறாகாது, துதியாகிவிடும். நான் சொல்வது அதைவிட அடக்கமானது. சொத்தும் படிப்பும் உள்ள சிலரே வாக்களித்த பழைய சட்டசபையில் இத்தகைய சட்டங்கள் இப்படி அடுக்கடுக்காக வரவில்லை. நிறப்பெட்டி வந்தபின் வந்தன. கொட்டாஞ்சேனை முடுக்கில் பிரசவ வலியில் கிடந்தவளுக்கும் சபை உறுப்பினருக்கும் இடையே அப்போதுதான் முதல்முறையாக ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டாயிற்று.

இனி, எதிர்முனையில் ஒரு பெண்மணியைப் பார்ப்போம். ரஷ்யாவின் சமூகக் கொள்கைக்குப் பொறுப்பான பிரதிப் பிரதமர் தத்தியானா கோலிகோவா. 1990 முதல் நிதி அமைச்சில் வளர்ந்து, வரவுசெலவுத் திட்டத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவர். பத்திரிகைகள் 'மிஸ் பட்ஜெட்' என்று பட்டம் சூட்டின. 2007 முதல் 2012 வரை சுகாதார, சமூக மேம்பாட்டு அமைச்சர். 2013 முதல் 2018 வரை கணக்காய்வு மன்றத் தலைவர். 2018 மே முதல் பிரதிப் பிரதமர். ஓய்வூதியம், மருத்துவம், கல்வி, குடும்பநலம், கொவிட் காலத்துக் கட்டுப்பாடு எல்லாம் அவர் மேசைக்கு வந்தவை. நேசத்துக்கு இல்லாத சாவி இவர் கையில் இருந்தது. திறமையே அளவுகோல் என்றால் உலகில் இவருக்கு ஈடாகச் சொல்லக்கூடியவர்கள் சிலரே.

அந்தத் திறமையின் கீழ் நடந்ததைப் பாருங்கள். 2018 ஜூன் 14ஆம் திகதி மொஸ்கோவில் உலகக் கிண்ணக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. அதே நாள் ஓய்வூதிய வயதை உயர்த்தப்போவதாக அரசு அறிவித்தது: ஆண்களுக்கு 60இலிருந்து 65, பெண்களுக்கு 55இலிருந்து 63. ஜனாதிபதித் தேர்தல் முடிந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. நாடெங்கும் எதிர்ப்பு. ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றி, பெண்களுக்கு 60 போதும் என்று குறைத்தார். வயதை உயர்த்தியது சரியா பிழையா என்பது பொருளாதார விவாதம். மக்கள்தொகை மூப்படையும் எந்த நாட்டுக்கும் அது வரும், நமக்கும் வரும். நான் கவனிப்பது முறையை. ஏற்றியவர்களும் குறைத்தவரும் ஒரே மாளிகைக்காரர். மூன்று ஆண்டு குறைந்தது பிரசாதமாகக் கிடைத்தது. அதை உரிமையாகக் கேட்டு வாங்கவோ, கொடுக்காதவரை வீட்டுக்கு அனுப்பவோ அந்தப் பெண்களுக்கு வழியிருக்கவில்லை. 2024இல் கோலிகோவா அதே பதவிக்கு மீண்டும் நியமிக்கப்பட்டார்.

இங்கேதான் என் வாதத்துக்கு மிகப் பெரிய மறுப்பு இருக்கிறது. சோவியத் ஒன்றியம் இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் கொடுத்ததே. அங்கே என்ன தேர்தல் இருந்தது? சரியான கேள்வி. கொடுத்தது, நிறையவே கொடுத்தது. வாக்கில்லாமல் சமூகநலத்தை உண்டாக்க முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. உண்டானதை எடுக்க வரும்போது யார் தடுப்பது என்பதே கேள்வி. 1953இல் நமது நாட்டில் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அப்போதைய நிதியமைச்சரின் கணக்கில் பிழை சொல்ல முடியாது, திறைசேரி உண்மையிலேயே காலியாகிக்கொண்டிருந்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்; அரிசி விலை பின்னர் குறைந்தது. அந்த விலைக்குறைப்பு நல்ல பொருளாதாரமா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் எந்தப் பிரதமரும் அதன்பின் அரிசியைத் தொடுமுன் நூறுமுறை யோசித்தார்.

என் வாதத்துக்கு இன்னும் நெருங்கிய சான்று ரஷ்யாவில் தேட வேண்டியதில்லை, மலையகத்தில் இருக்கிறது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் தமது பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949இல் வந்த சட்டங்களும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன; 1952இல் அவர்கள் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. அதே தீவு, அதே திறைசேரி, கல்வியமைச்சராயிருந்த கன்னங்கரா கொண்டுவந்த அதே இலவசக் கல்வி. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பலவற்றில் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு. கிராமத்துப் பிள்ளை மத்திய மகா வித்தியாலயத்துக்கும் அங்கிருந்து பேராதனைக்கும் போன அதே பத்தாண்டுகளில் இது நடந்தது. 1973, 1974 உணவுப் பஞ்சத்திலும் தோட்டங்களே மோசமாக அடிபட்டன. தோட்ட முகாமைத்துவத்தின் அசட்டை, மொழி, ஒதுங்கிய இருப்பிடம் என்று வேறு காரணங்களும் சொல்வார்கள், அவையும் உண்மை. ஆனால் ஒதுங்கிய இருப்பிடங்கள் கிராமங்களிலும் உண்டு. அங்கே வாக்குக் கேட்டுப் போனவர் பாதையும் பள்ளியும் போட்டுக் கொடுத்தார். லயத்துக்குப் போக அவருக்குக் காரணம் இருக்கவில்லை. அக்னஸ் டி சில்வா கேட்ட வாக்கு பதினெட்டு ஆண்டுகளில் பறிபோனது. அதன் விலையை அந்தப் பெண்களின் பிள்ளைகள் கட்டினார்கள். கொழும்பில் நம்மில் பலர் அப்போது வேறு அரசியலில் மும்முரமாக இருந்தோம் என்பதையும் இந்த அவையில் சொல்லாமல் விட முடியாது.

இன்று மாத்தறையிலிருந்து தெரிவான சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண்மணி மகளிர், சிறுவர் விவகார அமைச்சராக இருக்கிறார். பெரும்பாலும் சிங்களவர் வாழும் மாவட்டம் அவரைத் தேர்ந்தது கொழும்பு வடக்கின் 1932ஐ நினைவூட்டுகிறது, மகிழத்தக்க விடயம். ஆனால் ஏழைக் குடும்பத்துக்கு மாதந்தோறும் எவ்வளவு, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை வகுக்கும் அஸ்வெசும நிவாரணத் திட்டம் அவருடைய அமைச்சில் பிறந்ததன்று. 2023இன் சர்வதேச நாணய நிதிய உடன்பாட்டுக் காலத்தில், நிதித் துறைக் கணக்கிலிருந்து பிறந்தது. முதல் பட்டியல் வந்ததும் விடுபட்டோரின் மேன்முறையீடுகள் பிரதேச செயலகங்களில் குவிந்தன. வறுமையைப் புள்ளியிட்டு அளப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முந்தைய நிவாரணத் திட்டமான சமுர்த்தியில் நடந்த கட்சிப் பங்கீட்டைவிட அது மேலானது. அந்தப் புள்ளி விதிகளைத் தீட்டியவர் எந்த வாக்காளருக்கும் முகம் காட்டத் தேவையில்லாதவர் என்பதே என் ஆட்சேபம்.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதம் வரும்போது, எந்தக் கட்சியினரானாலும் சரி, கொழும்பு மாவட்டத்தின் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் அஸ்வெசும விதிகளைச் சபையில் வைத்து, ஒவ்வொன்றாக விவாதித்து, வாக்கெடுத்து நிறைவேற்றும்படி எழுதிக் கேளுங்கள். விடை வராவிட்டால் அதையும் குறித்துவைத்து, அவர் அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது கேளுங்கள்.