எத்தனை நாள் குட்டி?

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களிலும் ஒரு நாய்க்குட்டி கைமாறும்போது, அதன் நிறத்தையும் காதையும் வாலையும் பார்த்து முடித்தவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: குட்டிக்கு எத்தனை நாள்? கேள்வி சரியானது, அதற்குக் கிடைக்கும் விடையில்தான் பிழை இருக்கிறது. கண் திறந்து, நடை பழகி, தட்டில் ஊற்றியதை நக்கக் கற்றுவிட்டால் குட்டி தாயைப் பிரியத் தகுதி பெற்றுவிட்டது என்ற எண்ணத்தில், 30 நாளிலேயே, மிஞ்சிப்போனால் 45 நாளில், குட்டிகள் கூடையில் ஏற்றப்படுகின்றன. ஒரு குட்டியின் உடலிலும் மனத்திலும் எந்த நாளில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்து, அந்த நாட்கணக்கின்படி அதை வீட்டுக்கு அழைத்துவருவதே நாய் வளர்ப்பின் முதற்கடமை என்பதை விளக்குவது இவ்வுரையின் நோக்கம்.

நாய் ஏறத்தாழ 63 நாள் சுமந்து குட்டி ஈனுகிறது. பிறந்த குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். இரண்டாம் வாரத்தில் கண் திறக்கும், மூன்றாம் வாரத்தில் காது கேட்கத் தொடங்கும். அப்போதிலிருந்து 14-ஆம் வாரம் வரையிலான காலத்தைப் பழகு பருவம் எனலாம். அதாவது, எந்த உயிர் தன் இனம், எந்த ஓசை அஞ்சத் தக்கது, எந்த மணம் வீட்டு மணம் என்பனவற்றைக் குட்டி தன் மனத்தில் பதித்துக்கொள்ளும் காலம் அது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரின் ஆய்வகத்தில் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகிய இருவரும் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இப்பருவத்தை விரிவாக எடுத்துரைக்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் நடந்த ஆய்வில், வேலியிட்ட திறந்தவெளியில் 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இன்றி வளர்க்கப்பட்ட குட்டிகள், பிறகு எவ்வளவு முயன்று பழக்கியும் மனிதரைக் கண்டு அஞ்சி விலகியே நின்றன என்பது தெரியவந்தது.

இப்பருவத்தின் முற்பாதி தாய்க்கும் உடன்பிறந்த குட்டிகளுக்கும் உரியது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கவ்வி உருண்டு விளையாடும்போது, ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கீச்சிட்டுக் கத்தி விளையாட்டை நிறுத்திவிடுகிறது. பால் குடிக்கையில் பல் பட்டால் தாய் உறுமி எழுந்துவிடுகிறது. இந்தச் சின்னஞ்சிறு தண்டனைகளின் வழியாகவே எந்த அளவுக்குக் கடிக்கலாம் என்ற அடக்கத்தைக் குட்டி கற்கிறது. இப்பாடம் முடியுமுன் பிரிக்கப்பட்ட குட்டி, வளர்ந்தபின் விளையாட்டாகவே பிள்ளைகளின் கையைக் குதறிவிடுவதும், அதற்காக வாசற்கம்பியில் இரவும் பகலும் கட்டப்படுவதும், கட்டப்பட்டதனாலேயே மேலும் முரட்டுத்தனம் கொள்வதும், இறுதியில் நாற்கரச் சாலையோரம் இறக்கிவிடப்படுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் விளைவுகள். நாய் இனப்பெருக்கமும் விற்பனையும் குறித்து 2017-ஆம் ஆண்டு மைய அரசு வகுத்த விதிகள், எட்டு வாரம், அதாவது 56 நாள், நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று தடுத்திருப்பதன் பொருள் இதுவே.

எந்தக் குட்டி என்னும் கேள்விக்கு மதுரைச் சமவெளியின் வெயிலே முதல் விடை தருகிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில் மட்டுமே இருப்பதால், நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே பனிநாட்டில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியும், மூக்கு உள்ளடங்கி மூச்சுவிடவே திணறும் பக்கும் கத்திரி வெயிலில் படும் துன்பம் பெரிது. இம்மண்ணின் வெப்பத்திலேயே உருவான இனங்கள் மதுரையைச் சுற்றியே இருக்கின்றன: விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், கரிசல் காட்டின் சிப்பிப்பாறையும் கன்னியும், தேனி மாவட்டத்தின் கோம்பை. இராஜபாளையம் நாய் 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்றது; ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் 2020-ஆம் ஆண்டு இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. எனினும் நாட்டினம் என்பதனாலேயே எல்லா வீட்டுக்கும் அது பொருந்திவிடாது. முயலைத் துரத்த வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும், வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தால் குற்றமாகிவிட்ட பின்னும், ஓடும் வேட்கை உடம்பில் அப்படியே இருக்கிறது. மாசி வீதிச் சந்துகளின் ஒட்டுவீட்டில் அவை நாளெல்லாம் கட்டுண்டு கிடப்பது கொடுமை. இராஜபாளையத்தின் பால்வெள்ளை நிறத்துக்குக் காரணமான மரபுக்கூறு சில குட்டிகளின் செவிப்புலனையும் பறித்துவிடுவதால், குட்டி வேறுபக்கம் பார்த்திருக்கையில் பின்னாலிருந்து கைதட்டி, அது திரும்புகிறதா என்று பார்த்து வாங்குவது அறிவுடைமை.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக எண்ணிப்பார்க்க வேண்டியது தெருவில் பிறக்கும் நாட்டுக்குட்டி. ஓர் ஈற்றில் கடுவன் குட்டிகளை ஊரார் எடுத்துக்கொண்ட பின், பெட்டைக்குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுச் சந்தையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் விடப்படுவது இன்றும் நடக்கிறது. பெட்டை குட்டி போட்டுப் பெருக்கிவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். கருத்தடை அறுவை என்னும் ஒரே ஒரு சிகிச்சை அந்த அச்சத்தை முற்றிலும் போக்கிவிடும் என்பது தெரிந்திருந்தால், வாசலுக்குக் காவலாகவும் பிள்ளைகளுக்குத் துணையாகவும் இருக்கக்கூடிய எத்தனையோ உயிர்கள் அப்படி மாண்டிரா.

56-ஆம் நாள் வீட்டுக்கு வரும் குட்டிக்குப் பழகு பருவம் முடியும் 98-ஆம் நாள் வரை எஞ்சியிருப்பவை 42 நாள்கள். சபரிமலைக்கு மாலையிட்டவர் காக்கும் மண்டல விரதம் 41 நாள்; ஏறத்தாழ அதே கால அளவுக்கு, அதே ஒழுங்கோடு, ஒரு குடும்பம் குட்டிக்காகத் தன் நாளை ஒதுக்க வேண்டியிருக்கிறது. அதில் கடினமானது முதல் இரவு. உடன்பிறந்தாரின் உடற்சூட்டில் மட்டுமே உறங்கிய உயிர், விளக்கணைந்த வீட்டில் தனித்துவிடப்படும்போது அழுவது பிடிவாதத்தால் அன்று, அச்சத்தால். நைந்துபோன சுங்குடிச் சேலைத் துண்டு ஒன்றை முன்கூட்டியே கொடுத்தனுப்பி, தாய் படுத்திருக்கும் இடத்தில் ஓரிரு நாள் போட்டுவைத்து, குட்டியோடு அதையும் எடுத்துவந்து, வீட்டார் படுக்கும் இடத்தருகே ஓர் அட்டைப்பெட்டியில் விரித்துவிட்டால், குட்டி அத்துணியில் மூக்கைப் புதைத்து இரண்டு மூன்று முறை சுற்றி வந்து, முனகல் குறைந்து, சுருண்டு படுப்பதைக் காணலாம். வாசற்கதவருகே சங்கிலியில் கட்டிப்போடுவது அந்த இரவில் செய்யத் தகாதது.

உணவைப் பொறுத்தவரை, முதல் வாரம் முழுவதும் குட்டி பிறந்த இடத்தில் தின்ற உணவையே கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றி, நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது முறை. தமிழ் வீடுகளில் மிஞ்சிய குழம்புச் சோற்றை நாய்க்கு வைக்கும் வழக்கம் பரிவில் பிறந்ததே ஆயினும், சாம்பாரில் உள்ள சின்ன வெங்காயமும் ரசத்தில் உள்ள பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை என்பதால், தாளிதமும் குழம்பும் சேராத சோற்றோடு அவித்த முட்டை அல்லது எலும்பு நீக்கிய கோழிக்கறி கலந்து வைப்பதே நல்லது. பசும்பாலில் உள்ள சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காமல் கழிச்சல் உண்டாக்கும். தயிரில் அச்சர்க்கரை குறைந்துவிடுவதால் தயிர்ச்சோறு பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. வெந்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு.

வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதற்காகக் குட்டியை அடிப்பதும், அதன் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் ஆளைக் கண்டு அஞ்சக் கற்பிக்குமே அன்றி இடத்தைக் கற்பிப்பதில்லை. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும், இவற்றோடு விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒரே இடத்துக்கு அழைத்துச்சென்று, கழித்து முடித்த அக்கணமே பாராட்டினால், சில வாரங்களில் குட்டி தானாகவே கதவருகே போய் நிற்கும்.

நோய்த்தடுப்பிலும் நாட்கணக்கே அடிப்படை. பிறந்த முதல் நாள் தாய் தரும் சீம்பாலில் உள்ள எதிர்ப்பொருள், அதாவது நோய்க்கிருமியை முறிக்கும் பொருள், குட்டியைச் சில வாரங்கள் காக்கிறது. அது குறையத் தொடங்கும் நாள் குட்டிக்குக் குட்டி வேறுபடுவதோடு, உடலில் அது இருக்கும்வரை தடுப்பூசி மருந்தையும் முறித்துவிடுகிறது. ஒரே ஊசியோடு நிறுத்தாமல், ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் 16-ஆம் வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுவதன் காரணம் இதுதான். 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நச்சுயிரி, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகச் சில நாள்களில் குட்டியைக் கொன்றுவிடும். நோயுற்ற நாய் இருந்த மண்ணில் அது மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். வயிற்றுப் பூச்சி கருவிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடுவதால், பூச்சி மருந்தையும் மருத்துவர் சொல்லும் தவணைப்படி கொடுத்தாக வேண்டும்.

இங்கே ஓர் இக்கட்டு எழுகிறது. தடுப்பூசிகள் 16-ஆம் வாரத்தில்தான் நிறைவுறுகின்றன. பழகு பருவமோ 14-ஆம் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசிகள் முடியும்வரை குட்டியை வீட்டுக்குள் பூட்டிவைத்தால் நோய் அணுகாது; ஆனால் பேருந்தின் காற்றொலிப்பானும் கறிக்கடை வாசலும் பள்ளி விடும் நேரக் கூச்சலும் அதற்கு வாழ்நாள் முழுதும் அச்சமாகவே இருக்கும். கால் தரையில் படாமல் கையில் ஏந்தியோ பையில் வைத்தோ நாள்தோறும் சிறிது நேரம் தெருவைக் காட்டிவருவது இதற்குத் தீர்வு. சித்திரைத் திருவிழாவின் அதிர்வேட்டும் உருமியும் தப்பும், அருகிலேயே இருக்கும் சிவகாசியிலிருந்து வந்து குவியும் தீபாவளி வெடிகளும் முழங்கும் ஊரில், ஓசைக்குப் பழக்குவது தனிப் பயிற்சியாகவே அமைய வேண்டும். குட்டி தின்னும் நேரத்தில் இத்தகைய ஓசைகளை மிக மெல்ல ஒலிக்கவிட்டு, நாளுக்கு நாள் சிறிது கூட்டிவந்தால், வெடிச்சத்தம் கேட்டதும் கண்மண் தெரியாமல் ஓடித் தொலையும் நிலை பெரும்பாலும் வராது.

மூன்றாம் மாதத்தில் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, நாயோடு வீட்டையும் தெருவையும் காப்பது. ரேபிஸ் எனப்படும் அந்நோய் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 உயிர்களைக் கொள்வதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்வதாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. பாரிஸ் நகரில் 1885-ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்ட ஊசியில் தொடங்கிய இம்மருத்துவம், 1907-ஆம் ஆண்டு குன்னூரில் அவர் பெயரால் நிறுவனம் அமைந்தபோது தமிழகத்துக்கு வந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தபின்னும், கடிவாயில் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பும் பழக்கம் ஊர்ப்புறங்களில் மறையவில்லை. சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று தவணை தவறாமல் ஊசி போட்டுக்கொள்வதே உயிர் காக்கும் வழி. அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரியர். குட்டிதானே, பல் இலேசாகத்தானே பட்டது என்று இருந்துவிடுவது பேராபத்து. குட்டியும் அந்நோயைச் சுமக்கக்கூடும்.

வளர்ந்த நாயோடு கழியும் அன்றாட வாழ்வு இத்தனை கணக்குடையது அன்று. ஆயினும் தவறாமை அதற்கும் வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் நடை, தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடி வைத்துப் பார்த்து, கை தாங்கும் சூட்டில்தான் நாயை நடத்துவது, மொட்டைமாடியில் கட்டாமல் நிழலில் விட்டு மண்சட்டியில் நாளும் இருமுறை தண்ணீர் மாற்றுவது, காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடிக் களைவது ஆகியவை அதன் உறுப்புகள். உண்ணி, இரத்தம் உறிஞ்சுவதோடு, நாயைப் படுத்த படுக்கையாக்கும் காய்ச்சலையும் பரப்புகிறது.

நாயின் ஆயுள் 12 ஆண்டு என்று கொண்டால், அது 4,380 நாள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் காலம். குட்டிக்கு எத்தனை நாள் என்று கேட்பவர், தம் வீடு அத்தனை நாளுக்கும் அதற்கு இடம் தருமா என்றும் கேட்டுக்கொள்வது முறையாகும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், வீழ்ந்துபட்ட தன் தலைவனின் அருகே கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரை வீரனின் பெயரோடு நடுகல்லில் பொறித்துவைத்தார்கள். ஒரு நாயை அதன் பெயர் சொல்லிக் கல்லில் நிறுத்தி 1,400 ஆண்டுகளாகக் காத்துவரும் நாட்டில், 45 நாள் குட்டியை இன்னும் 11 நாள் அதன் தாயிடம் விட்டுவைப்பது எவருக்கும் இயலாத செயல் அன்று.