கோட்டின் ஓட்டம்



வரைந்த உருவங்களை ஒன்றோடொன்று இசையுமாறு அமைப்பதே சித்திரக்காரனுடைய பெருங்கவலை என்பதை உணர விரும்புவோர், கொழும்பிலே வெள்ளவத்தையிலிருந்தாயினும் கொட்டாஞ்சேனையிலிருந்தாயினும் ஒரு முற்பகல் பொறளைக் கோதமி விகாரைக்குச் சென்று, இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939-40ஆம் ஆண்டுகளில் அங்கே தீட்டிய புத்த சரித்திரச் சுவரோவியங்களின் முன்னே சற்று நேரம் நிற்பார்களாக.

அங்கே ஆட்சி செய்வது ரேகை. தோளிலே புறப்படும் கோடு முழங்கையிலே வளைந்து, விரல் நுனியிலே ஓய்வதுபோலத் தோன்றி, அருகிலுள்ள ஆடை மடிப்பிலே மீண்டும் உயிர்பெற்று ஓடுகின்றபடியால், நமது கண்ணும் இடறலின்றி அதன் பின்னே செல்கிறது. வளைவுக்கு எதிர்வளைவு, நெருக்கத்துக்கு அருகே வெளி என்று அமைவதே சமநிலை. இருபுறத்தையும் ஒரே அளவாக நிரப்பிவிட்டால் சித்திரம் அசைவற்றுப் போகும். பாடசாலைச் சித்திர வகுப்பில் முதலிற் சொல்லவேண்டிய பாடம் இதுவென்பது என் துணிபு.

கீழைத்தேசச் சுவரோவிய மரபையும் பிக்காசோவின் கியூபிஸத்தையும் ஒருங்கே ஜீரணித்த கீற், 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் முதலியோருடன் கூடி ‘43 குழு’ என்ற ஓவியர் குழாத்தை ஸ்தாபித்தவர்களுள் ஒருவர். அவருடைய சுவரோவியங்களை அச்சுப் பிரதியிலே கண்டவர்களும் நேரிலே காணவேண்டும்; சுவரின் முழு அகலத்திலே அந்த ரேகை கொள்ளும் வேகம் காகிதத்திலே அகப்படுவதில்லை.