காற்றுக் குறைந்த பந்து

அமெரிக்கர் ஆடும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தன்று. பெயர்தான் காலுக்கு, பந்தோ பெரும்பாலும் கையில். அதனுள் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை இருத்தல் வேண்டும் என்பது விதி. தாக்கி ஆடும் அணி தன் பந்துகளையே கொண்டுவரும். காற்றுக் குறைந்த பந்து கைக்கு இணங்கும்.

2015 ஜனவரி 18 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி, இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியை 45-7 என வென்றது. இடைவேளையில் அளந்தபோது, வென்றவர்களின் பந்துகள் பதினொன்றிலும் காற்றுக் குறைவு!

மூண்டது வாதம். குளிரில் காற்றழுத்தம் குறைவது இயற்கைதானே என்றனர் பாஸ்டன் நகரத்து ரசிகர். காற்றேற்றிய பந்தைக் கொண்டே பிற்பாதியில் 28 புள்ளிகள் எடுத்ததையும் சுட்டினர். பௌதிக பாடத்தைப் பள்ளியோடு மறந்தவர்களும் அதனை ஓதலாயினர்! 2007-இல் எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்து அபராதம் செலுத்திய சங்கமன்றோ இது என்றனர் மற்றையோர். ஆட்டக்காரர் டாம் பிரேடி தம் கைப்பேசியை அழிக்கச் செய்தது ஏன் என்றும் வினவினர். இக்கேள்வி வலியதே.

எனினும் நாம் கருதும் குறை வேறு. ஆட்டத்திற்குமுன் அளந்த எண்களை எவரும் எழுதி வைக்கவில்லை. இடைவேளையில் பயன்பட்ட இரு கருவிகளும் ஒத்துப்போகவில்லை. கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை அளப்பதற்குள் நேரம் முடிந்தது. எவ்வளவு குறைந்தது என்று எதனைக் கொண்டு கணக்கிடுவது?

பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. 2015-இல் நீதிமன்றம் அதனை நீக்கியது. 2016-இல் மேல்நீதிமன்றம் மீட்டது. தடையை அனுபவித்துத் திரும்பியவர் 2017 பிப்ரவரியில் பட்டத்தையும் வென்றார். இரு கட்சியாரும் அதனையே தத்தம் வாதத்திற்குச் சான்றாக்கிக் கொண்டனர்.