பால்கனி அறை இலவசமாகக் கிடைக்குமா?



சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் மெரினா பே கப்பல் முனையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் என் அக்காவும் அத்தானும். அவர்களுக்குப் பின்னால் நானும் என் கணவரும், எழுபது வயதைத் தாண்டிய என் மாமியாரும். அவரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். நான்கு இரவுப் பயணம். ஒரே டிராவல்ஸில், ஒரே நாளில் முன்பதிவு செய்திருந்தோம். இரண்டு வீட்டாரும் எடுத்தது ஜன்னல் இல்லாத உள்ளறை. கவுன்ட்டரில் இருந்த பெண் அக்காவிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, "உங்களுக்குப் பால்கனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை" என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து எங்கள் முறை. எங்களுக்கு அதே உள்ளறைதான். அத்தை என் காதருகே குனிந்து, "அவங்களுக்கு மட்டும் எப்படிம்மா கெடைச்சுது?" என்று கேட்டார்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு, பயண ஏற்பாடு செய்கிறவர்களிடமும் அடிக்கடி கப்பலில் போய்வருகிறவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தைக்குச் சொன்ன அந்தப் பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். சிங்கப்பூர் சுற்றுலா போன நம்மவர்கள் பலர் ஒரு காலத்தில் சூப்பர்ஸ்டார் விர்கோ கப்பலில் ஏறிவிட்டு வந்து கதை கதையாகச் சொன்னார்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் புறப்பட்டது. கப்பல் பயணம் இப்போது நம் வீடுகளிலும் பேசப்படும் செய்தியாகிவிட்டது. அதனால் இதன் கணக்கு வழக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலில் அறைகளின் வகை. பெரும்பாலான கப்பல்களில் நான்கு வகை உண்டு. ஜன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை, எல்லாவற்றுக்கும் மேலாக சூட். பால்கனி அறை இன்று சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் அது அபூர்வம். 1984-இல் இளவரசி டயானா பெயர் சூட்டிய ராயல் பிரின்சஸ் கப்பலில் பயணிகளின் அறைகள் அனைத்தும் வெளிப்பக்கம் பார்த்தபடி அமைந்தன. அவற்றில் பலவற்றுக்குத் தனிப் பால்கனியும் இருந்தது. அதன் பிறகு பால்கனி மீதான ஆசை வளர்ந்துகொண்டே போனது. அந்த ஆசைக்குத் தகுந்தபடி விலையும் ஏறியது.

சரி, அவ்வளவு விலை உள்ள அறையைக் கம்பெனி ஏன் சும்மா கொடுக்கிறது? கருணையினால் இல்லை, நேயர்களே. கணக்கினால்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கப்பலில் நூறு உள்ளறைகள். விலை குறைவு என்பதால் அவை முதலில் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது பத்துப் பால்கனி அறைகள் காலியாகக் கிடக்கின்றன. உள்ளறை கேட்டு இன்னும் பத்து வீட்டார் வருகிறார்கள். பால்கனி விலை அவர்களுக்குக் கட்டாது. கம்பெனி என்ன செய்யும்? ஏற்கெனவே உள்ளறை வாங்கிய பத்து வீட்டாரைப் பால்கனிக்கு ஏற்றிவிடும். காலியான பத்து உள்ளறைகளைப் புதியவர்களுக்கு விற்றுவிடும். கப்பல் கரையை விட்டபின் காலி அறைக்கு மதிப்பே கிடையாது. ஆள் ஏறினால் டிக்கெட் பணம் வரும். அதோடு குடிபானம், மசாஜ், கரையில் ஊர் சுற்றிப் பார்ப்பது என்று தினமும் செலவும் நடக்கும். நமக்குக் கிடைக்கும் அந்த இலவசம் கம்பெனிக்கும் லாபம்தான்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய அளவில் நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். மயாமியிலிருந்து கரீபியன் கடலுக்குப் போகும் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கியது. அதில் 2,805 அறைகள். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பயணிகள். கப்பல் தொழிலில் அதைத்தான் முழு நிறைவு என்று கணக்கிடுவார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கைகளையும் சேர்த்தால் 7,600 பேர் வரை ஏற்றலாம். இத்தனை அறைகளையும் நிரப்ப வேண்டும் என்றால், கடைசி நாள் வரை ஆட்களை அங்கும் இங்கும் மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இரண்டு காரணங்கள்.

ஒன்று, நாங்கள் மூன்று பேர். மேலே போக வேண்டும் என்றால் அங்கே மூன்றாவது படுக்கை உள்ள அறை காலியாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. கப்பலில் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் இருந்தாக வேண்டும். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்குத்தான். அந்தத் துயரத்துக்குப் பிறகு 1914-இல் பல நாடுகள் லண்டனில் கூடி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையை உருவாக்கின. இன்றும் படகு நிலையத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்குப் பார்த்துத்தான் கூடுதல் ஆட்களுக்கு இடம் தருகிறார்கள். அதனால் இரண்டு பேராகப் போகிறவர்களை மாற்றுவது சுலபம். மூன்று நான்கு பேர் உள்ள குடும்பத்தை மாற்றுவது கடினம்.

இரண்டாவது காரணம், அத்தைக்கு முழங்கால் வலி. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அறை எண்ணை நாங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தோம். அக்கா அப்படிச் செய்யவில்லை. அவர் எடுத்தது "கேரண்டி" என்று சொல்லப்படும் முறை. அறையின் வகையை மட்டும் நாம் சொல்வோம், எண்ணைக் கம்பெனி தீர்மானிக்கும். பணம் கட்டிய வகைக்குக் கீழே போகாது, மேலே போகலாம். விலையும் பெரும்பாலும் சற்றுக் குறைவு. ஒதுக்கீடு செய்கிறவர்கள் யாரை மாற்றலாம் என்று தேடும்போது, எண் கேட்காதவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். ஆகவே இரண்டு பேராகப் போகிறீர்கள், எந்த அறையானாலும் சம்மதம் என்றால், கேரண்டி முறையை எடுங்கள்.

அடுத்து, பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு வழி. அதிர்ஷ்டத்தை நம்பாமல் நாமே முயன்று பெறக்கூடியது இது. முன்பணம் கட்டி முன்பதிவு செய்தபின் முழுப் பணம் கட்ட ஒரு கடைசி நாள் கொடுப்பார்கள். பொதுவாகப் புறப்படுவதற்கு இரண்டரை, மூன்று மாதங்களுக்கு முன்பு அது வரும். அதுவரை விலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நீங்கள் ஜன்னல் அறைக்கு ஒப்புக்கொண்ட விலைக்கே பால்கனி அறை இறங்கி வருவது உண்டு. உடனே உங்கள் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, "அதே விலையில் மாற்றித் தர முடியுமா?" என்று கேளுங்கள். கடைசி நாளுக்குள் கேட்டால் பல கம்பெனிகள் செய்து தருகின்றன. அந்த நாள் கடந்துவிட்டால் வாய்ப்பு மிகவும் குறைவு. டிக்கெட் வாங்கும்போதே இந்த விதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே இன்னொன்றும் கேளுங்கள்: "இந்தப் பயணத்தில் உங்களுக்குக் குழு ஒதுக்கீடு இருக்கிறதா?" பெரிய ஏஜென்சிகள் மாதக்கணக்கில் முன்னதாகவே அறைகளைப் பிடித்து வைக்கும். அவற்றோடு சில சலுகைகளும் சேர்ந்து வரலாம்.

காலமும் முக்கியம். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் கப்பல் நிரம்பி வழியும். அப்போது யாரையும் மேலே ஏற்ற இடம் இருக்காது. அலாஸ்கா பயணம் என்றால் மே மாதத் தொடக்கம், செப்டம்பர் மாதம். கரீபியன் என்றால் டிசம்பர் முதல் இரண்டு வாரங்கள். இவை கூட்டம் குறைந்த நாட்கள். ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியனில் புயல் காலம். விலை இறங்கும், கூடவே பயணப் பாதை மாறும் வாய்ப்பும் உண்டு. அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

இன்று பல கம்பெனிகள் ஏல முறையும் வைத்திருக்கின்றன. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, "மேல் வகை அறைக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று மின்னஞ்சல் வரும். இது இலவசம் இல்லை. கேட்கப்படும் தொகை பொதுவாக ஒரு ஆளுக்கு. நூறு டாலர் என்று எழுதினால் தம்பதிக்கு இருநூறு. தனியாகப் போகிறவருக்கும் பெரும்பாலும் இரண்டு ஆள் கணக்குத்தான். ஏற்றுக்கொண்டார்கள் என்றால் கார்டிலிருந்து பணம் போய்விடும், திரும்பி வராது. எனவே எழுதுவதற்கு முன் அந்த அறையின் அன்றைய விலையையும் நீங்கள் கட்டியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசத்தில் பாதிக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

வேறு சில யோசனைகளும் காதில் விழும். கோட்டு சூட்டு போட்டுப் போ, தேனிலவு என்று சொல், பாஸ்போர்ட்டுக்குள் நோட்டு வைத்து நீட்டு என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அறை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. அவரைச் சங்கடப்படுத்துவதுதான் மிச்சம். ஆனால் அறையில் ஏசி ஓடவில்லை, குழாய் ஒழுகுகிறது என்றால், முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய்ப் பொறுமையாகச் சொல்லுங்கள். சரிசெய்ய முடியாதபோது வேறு அறை காலியாக இருந்தால் மாற்றித் தருவார்கள். அப்படிக் கேட்பதில் தவறில்லை.

எங்கள் பயணம் எப்படி முடிந்தது என்று சொல்லி நிறைவு செய்கிறேன்.

எங்கள் உள்ளறையில் விளக்கை அணைத்தால் நடுராத்திரி இருட்டு. கைப்பேசியைப் பார்த்தால்தான் பொழுது விடிந்தது தெரியும். அத்தை இரண்டாம் நாளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் கடல், தொலைக்காட்சியில் ஒரு சேனலில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். சத்தத்தைக் குறைத்து அதை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். விடியும்போது திரை கறுப்பிலிருந்து சாம்பலாகி, மெல்ல மெல்ல நீலமாகும். "ஜன்னல் வந்தாச்சு, எழுந்திரு" என்று என்னை எழுப்புவார். நடுத்தளத்தில், கப்பலின் மையத்தில் இருந்த அறை. ஆட்டமே தெரியவில்லை.

அக்காவின் பால்கனி அறை அழகாகத்தான் இருந்தது. மாலையில் நாங்கள் எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்து, மலாக்கா நீரிணையில் போகும் சரக்குக் கப்பல்களை எண்ணிக்கொண்டிருப்போம். ஆனால் அது நீச்சல்குளம் உள்ள தளத்துக்கு நேர் கீழே இருந்தது. காலை ஐந்து மணிக்கெல்லாம் ஊழியர்கள் மேலே நாற்காலிகளை இழுத்து அடுக்குவார்கள். அந்தச் சத்தத்தில் அத்தானுக்கு நான்கு நாளும் தூக்கம் இல்லை. மேல் வகை அறை என்றால் நல்ல இடத்து அறை என்று பொருள் இல்லை. எதிரே உயிர்காப்புப் படகு மறைக்கலாம், கீழே நாடக அரங்கம் இருக்கலாம், கப்பலின் முன்முனையில் ஆட்டம் அதிகமாக இருக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள், பக்கத்துப் பக்கத்து அறை எடுத்த குடும்பங்கள், சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை வாங்கியவர்கள், "எங்களை மாற்ற வேண்டாம்" என்று முன்பதிவிலேயே குறிக்கச் சொல்லிவிடுங்கள்.

நேயர்களே, நான் கடைசியாகச் சொல்வது இதுதான். மேலே ஏற்றுவார்கள் என்று நம்பி, பிடிக்காத அறைக்குப் பணம் கட்டாதீர்கள். எந்த அறை கிடைத்தால் நான்கு நாளும் நிம்மதியாகத் தூங்குவீர்களோ, அந்த அறைக்கே பணம் கட்டுங்கள். விலை இறங்குகிறதா என்று பாருங்கள், மரியாதையாகக் கேளுங்கள். கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும் குறை இல்லை. மேல்தளத்துக்குப் போய் நின்றால், உள்ளறைக்காரருக்கும் சூட்காரருக்கும் கடல் ஒன்றுதான்.