மானியம் காணிக்காரருக்கே



பழைய தேயிலையைப் பிடுங்கி மறுபடி நட, சிறுதோட்ட உரிமையாளருக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. கொடுக்கட்டும், அவர்களும் பாடுபடுகிறவர்கள்தான். ஆனால் அந்தக் காசு காணி யார் பெயரில் இருக்கிறதோ, அவர் கைக்கே போகிறது.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போயின. இப்போது சில தோட்டங்களில் தேயிலை மலையைத் துண்டு போட்டு நம்மிடம் கொடுக்கிறார்கள். புல் வெட்டுவதும் கொழுந்து பறிப்பதும் நாம். பசளைக் காசு நம் கொழுந்துக் கணக்கில் கழிகிறது. சிறுதோட்டக்காரர் மாதிரி வேலை. காணி உறுதி மட்டும் இல்லை. உறுதி இல்லையென்றால் மானியம் எப்படி வரும்?

யாராவது ஒப்பந்தக் கடதாசியை நீட்டினால் கேளுங்கள்: காணி யார் பெயரில்? பசளைச் செலவு யாருக்கு? நாட்சம்பளமும் சேமலாப நிதியும் தொடருமா? பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். கடதாசியைத் தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள்.